வலக்கையின் சொல்லும் பெண்களின் விரல்களும்

வேப்பனப்பள்ளி என்று நாம் எழுதும் ஊர், சட்டமன்றத் தொகுதிப் பட்டியலில் ‘வேப்பனஹள்ளி’ ஆகிவிடுகிறது. தமிழில் ‘பள்ளி’, கன்னடத்தில் ‘ஹள்ளி’, தெலுங்கில் ‘பல்லெ’. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில், கர்நாடகத்துக்கும் ஆந்திரத்துக்கும் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் மூன்று மொழிகளும் புழங்குகின்றன. மாந்தோப்பும் புளியமரமும் பட்டுப்புழு வளர்ப்பும் இந்த வட்டாரத்தின் பழைய பிழைப்பு. ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போவது புதிய பிழைப்பு. பள்ளிப் படிப்பை முடித்த இளம்பெண்களை அந்த ஆலைகளில் பல விரும்பி எடுத்துக்கொள்கின்றன. பெண்களை மட்டும் ஏன் இவ்வளவு விரும்பி எடுக்கிறார்கள் என்று கேட்டால் எங்கும் ஒரே பதில்தான் கிடைக்கும்: பெண்களுக்குப் பொறுமை அதிகம், விரல்கள் சிறியவை, கை நன்றாக வரும்.

‘கை நன்றாக வரும்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘டெக்ஸ்டெரிட்டி’ என்று எழுதுகிறார்கள். மின்னணுப் பாகங்களை இணைக்கும் வேலைக்கான தகுதிக் குறிப்புகளில் அடிக்கடி வரும் சொல் இது. கைத்திறன், லாவகம், சாமர்த்தியம் என்று தமிழில் சொல்லலாம். கேட்பதற்குப் பாராட்டாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பாராட்டைப் பெற்ற பெண்கள், கூலிப் பட்டியலில் எந்த வரிசையில் நிற்கிறார்கள் என்று பார்த்தால் அது எங்கேயோ கீழே இருக்கும். கையின் திறனைப் புகழ்ந்துகொண்டே அந்தக் கைக்கு ‘திறன் பெறாதவர்’ என்று பெயர் வைக்க எப்படி முடிகிறது? இதைப் புரிந்துகொள்ள, சொல் பிறந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

சோத்துக்கையின் பெருமை

‘டெக்ஸ்டெரிட்டி’க்கு வேர் இலத்தீன் மொழியின் ‘டெக்ஸ்டர்’. அதன் பொருள் ‘வலது’. வலக்கையின் தன்மை எதுவோ அதுவே திறமை. பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் இச்சொல் ஆங்கிலத்துக்கு வந்தது. இலத்தீனில் ‘இடது’ என்பதற்கான சொல் ‘சினிஸ்டர்’. அது ஆங்கிலத்தில் ‘கேடு சூழ்ந்தது’ என்று பொருள்படுகிறது. பிரெஞ்சில் இடதைக் குறிக்கும் ‘கோஷ்’ ஆங்கிலத்துக்குப் போய் ‘நாசூக்கு இல்லாதவர்’ ஆனது. வலதைக் குறிக்கும் ‘துருவா’விலிருந்து வந்த ‘அட்ராய்ட்’ கெட்டிக்காரத்தனத்தைக் குறிக்கிறது. இரண்டு கைகளாலும் வேலை செய்யத் தெரிந்தவரைக்கூட ‘ஆம்பிடெக்ஸ்ட்ரஸ்’, அதாவது இரண்டு பக்கமும் வலக்கை உள்ளவர் என்றே ஆங்கிலம் சொல்கிறது. இடக்கை வேலை கற்றுக்கொண்டாலும் அதற்கு வலக்கை என்றுதான் பேர்.

இது ஐரோப்பாவின் கதை மட்டும் அல்ல. ‘டெக்ஸ்டர்’ என்ற சொல்லுக்கு வடமொழியில் உறவுக்காரர் உண்டு: ‘தட்சிணம்’. அதற்கும் வலது என்றே பொருள். கிழக்கு பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் தெற்கு; அதனால் தெற்கும் தட்சிணம் ஆனது. அந்தத் தட்சிணம்தான் ‘தக்காணம்’ என்று திரிந்தது. ஓசூர் உட்கார்ந்திருக்கும் மேட்டுநிலம் தக்காணத்தின் தென்பகுதி என்பதால், ஆங்கிலேயன் சொன்ன ‘டெக்ஸ்டெரிட்டி’யும் ஊர் இருக்கும் நிலத்தின் பெயரும் ஒரே வேரில் கிளைத்தவை. அதே குடும்பத்தைச் சேர்ந்த ‘தட்ச’ என்ற சொல்லுக்குத் திறமையுள்ள என்று பொருள். வேப்பனப்பள்ளிக்கு அந்தப் பக்கம் போனால் கன்னடத்தில் திறமையான அதிகாரியை இன்றும் ‘தக்ஷ’ என்ற அடைமொழியோடுதான் சொல்கிறார்கள்.

தமிழ் வேறு குடும்பத்து மொழி. ஆனால் இந்த விஷயத்தில் அதுவும் அதே வழியில்தான் போயிருக்கிறது. ‘வலம்’ என்றால் வலப்பக்கம், வலிமையும் வெற்றியும்கூட. ‘வலவன்’ என்றால் திறமையுள்ளவன். சங்கப் பாடல்களில் தேரோட்டிக்கும் அதே பெயர். குழந்தைக்கு வலது இடது சொல்லிக்கொடுக்கும்போது நாம் பயன்படுத்தும் சொற்களையும் நினைத்துப் பாருங்கள். ஒன்று சோத்துக்கை, இன்னொன்று பீச்சாங்கை. ஒரு கை உண்ணும், ஒரு கை கழுவும். கழுவுகிற கை இல்லாமல் உண்கிற கை ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்காது. ஆனாலும் கொடுப்பதும் வாங்குவதும் சோத்துக்கைக்கே உரியவை. துப்புரவு செய்யும் கை கீழானது என்ற பாடத்தை நம் பிள்ளைகள் எழுத்து படிப்பதற்கு முன்பே தம் உடம்பில் படித்துவிடுகிறார்கள்.

பெண்ணுக்கு எந்தப் பக்கம் கிடைத்தது? வடமொழியில் ‘வாமம்’ என்றால் இடது. ‘வாமா’ என்றால் பெண். திருச்செங்கோட்டு அர்த்தநாரீஸ்வரர் உருவில் பெண்பாதி இடப்பாகம். கைரேகை பார்ப்பவர்கள் ஆணுக்கு வலக்கையையும் பெண்ணுக்கு இடக்கையையும் நீட்டச் சொல்வது நம் ஊர் வழக்கம். வலது, வல்லமை, ஆண் ஒரு பக்கம். இடது, பெண் மறுபக்கம். சொல்லின் கணக்குப்படி பார்த்தால் ‘டெக்ஸ்டெரிட்டி’ என்பது பெண்ணுக்கு எதிர்ப்பக்கத்தில் பிறந்த சொல்.

கைகளாகப் பிரிந்த சாதிகள்

வலக்கை, இடக்கை என்ற பிரிவினை நம் நாட்டில் உடம்போடு நிற்கவில்லை. சோழர் காலம் முதல் 19ஆம் நூற்றாண்டு வரை தமிழ், கன்னட, தெலுங்கு நிலங்களில் பல சாதிகள் வலங்கை, இடங்கை என்று இரண்டு அணிகளாக நின்றன. ஊர்வலத்தில் யார் எந்தத் தெருவில் போகலாம், யார் எந்தக் கொடி பிடிக்கலாம் என்பதற்கெல்லாம் சண்டைகள் நடந்தன. சென்னையில் 1652இலும் 1707இலும் நடந்த மோதல்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் கோட்டைக்குள்ளிருந்து தீர்க்க முயன்றது. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனி கைக்கு வந்த பாராமகால், அதாவது கிருஷ்ணகிரியைச் சுற்றிய நிலமும், இந்தப் பிரிவினை வழங்கிய பகுதிதான்.

யார் எந்தக் கையில் இருந்தார்கள் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. தச்சர், கொல்லர், தட்டார், கன்னார், சிற்பி ஆகிய ஐந்தொழில் கம்மாளர் இடங்கை அணியின் முன்னணியில் நின்றார்கள். ஊரிலேயே கைத்திறன் மிகுந்தவர்கள் என்று யாரைச் சொல்லலாமோ அவர்களே இடங்கை. நிலத்தோடும் வேளாண்மையோடும் பிணைந்த சாதிகள் பெரும்பாலும் வலங்கை. ஆக, எந்தக் கை மேல் என்பதைக் கையின் திறமை முடிவு செய்யவில்லை. நிலமும் அதிகாரமும் யாரிடம் இருந்தன என்பதே முடிவு செய்தது. சில சாதிகளில் கணவன் ஒரு கையாகவும் மனைவி மறு கையாகவும் எண்ணப்பட்டதைக் காலனியக் காலப் பதிவுகள் குறித்து வைத்திருக்கின்றன. ஒரே அடுப்படியில் உண்டு, ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்த இருவர் இரண்டு கைகளாக்கப்பட்டார்கள்.

பிரித்தறிதல் என்ற திறம்

ஆங்கிலத்தில் திறமைக்கு இன்னொரு சொல் இருக்கிறது. அது ‘ஸ்கில்’. இன்று அரசாங்கக் கோப்பிலும் ஆலை அலுவலகத்திலும் ஆட்சி செய்வது இந்தச் சொல்தான். இதற்கும் கைக்கும் தொடக்கத்தில் சம்பந்தமே இல்லை. வடக்கு ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியில் ‘ஸ்கில்’ என்றால் வேறுபாடு; ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறியும் அறிவு. ஆங்கிலத்துக்கு வந்த புதிதிலும் அது பகுத்தறிவு, நியாயம் என்ற பொருளில்தான் வழங்கியது. கைத்தேர்ச்சி என்ற பொருள் பிறகு வந்தது. தமிழில் ‘திறம்’ என்ற சொல்லும் அப்படித்தான். ஆற்றல் என்பதோடு வகை, கூறு, பக்கம் என்ற பொருள்களும் அதற்கு உண்டு.

இந்தப் பழைய பொருளில் பார்த்தால் வேப்பனப்பள்ளி வட்டாரத்துப் பெண்களிடம் எத்தனை திறன் இருக்கிறது என்று தெரியும். பட்டுப்புழு வளர்க்கும் வீட்டில், ஆயிரக்கணக்கான புழுக்களில் கூடு கட்டத் தயாரானது எது, இன்னும் இலை தின்ன வேண்டியது எது என்று பிரிக்க வேண்டும். தயாரான புழு தின்பதை நிறுத்திவிடும். உடம்பு லேசாக ஒளி ஊடுருவுவதுபோல் மாறும். அதைப் பொறுக்கிச் சந்திரிகைத் தட்டில் விட வேண்டும். சீக்கிரம் எடுத்தாலும் கெட்டது, தாமதித்தாலும் கெட்டது. புழுவுக்கு நசுங்காமல் எடுக்க விரல் வேண்டும், எதை எடுப்பது என்று அறியக் கண் வேண்டும். இதைவிட நேரடியாக அந்தப் பழைய சொல்லுக்கு எடுத்துக்காட்டு சொல்ல முடியாது.

புளியை எடுத்துக்கொள்வோம். கிருஷ்ணகிரி புளிச் சந்தைக்குப் பேர் போன ஊர். காய்ந்த புளியின் ஓட்டை உடைத்து, நாரை உருவி, கொட்டையைத் தட்டி எடுக்கும் வேலை பெரும்பாலும் பெண்களின் கையில் இருக்கிறது. கொட்டை வெளியே வர வேண்டும், சதை கூழாகக் கூடாது. அந்த அளவுக்குத்தான் தட்ட வேண்டும். ஒரு கை பிடித்துத் திருப்பும், மறு கை தட்டும். எந்தக் கையும் சும்மா இருப்பதில்லை. வீட்டுத் திண்ணையில் நடக்கும் இந்த வேலைக்குக் கிலோ கணக்கில் கூலி. அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் பெண் குழந்தை பத்து வயதுக்குள் இதைக் கற்றுவிடுகிறாள். கற்றாள் என்று யாரும் சொல்வதில்லை. ‘கூடமாட ஒத்தாசை’ செய்தாள் என்பார்கள்.

பெண்ணின் கையைப் புகழ நம் மொழியில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. கைமணம், கைப்பக்குவம், கைராசி. ஆணின் கையைப் புகழும் சொற்கள் வேறு மாதிரி: கைதேர்ந்தவர், வல்லுநர், விற்பன்னர், மேஸ்திரி. முதல் வரிசைச் சொற்கள் பிறப்பிலேயே ஒட்டிவந்த ஒரு வாசனையைப் போலத் திறமையைப் பேசுகின்றன. இரண்டாம் வரிசைச் சொற்கள் கற்றுத் தேர்ந்த ஓர் ஆளைக் காட்டுகின்றன. கைமணத்துக்கு யாரும் சம்பளம் கேட்க முடியாது. மேஸ்திரிக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது.

கட்டட வேலையில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். பெங்களூரின் கட்டடங்களுக்குக் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து போன குடும்பங்கள் ஏராளம். ஆண் உதவியாளாகச் சேர்ந்து, கரண்டி பிடிக்கப் பழகி, சில வருடங்களில் கொத்தனார் ஆவார். அவரோடு சேர்ந்து போன பெண் சித்தாளாகச் சேர்வாள். இருபது வருடம் கழித்தும் அவள் சித்தாள்தான். சித்தாள் என்றால் சிறிய ஆள். கலவையின் பதம் அவளுக்குத் தெரியும், சுவருக்கு எவ்வளவு சாந்து போகும் என்று தெரியும், சாரத்தில் சுமையோடு ஏறும்போது எந்தக் காலை எங்கே வைப்பது என்று தெரியும். ஆனால் கரண்டி அவள் கைக்கு வருவதில்லை. தொழிலைக் கற்க விடாமல் வைத்துவிட்டுத் தொழில் தெரியாதவள் என்று கூலி நிர்ணயிப்பதுதான் அங்கே முறை.

விரலை அளந்தவர்கள்

20ஆம் நூற்றாண்டில் கைத்திறன் ஆய்வுக்கூடத்துக்குள் போனது. 1920களில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ஜான்சன் ஓ’கானர் என்பவர், நுண்ணிய பாகங்களை இணைக்க ஆள் தேர்ந்தெடுப்பதற்காக ஒரு சோதனையை உருவாக்கினார். பலகையில் 100 துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு கையால் மூன்று மூன்று ஊசிகளைச் செருக வேண்டும். எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பார்கள். இதைப் போன்ற சோதனைகளில் பெண்கள் சராசரியாக ஆண்களை முந்தினார்கள். பெண்ணின் விரல் இயல்பிலேயே லாவகமானது என்ற நம்பிக்கைக்கு எண்களின் துணை கிடைத்தது.

அந்த எண்களை 1990இல் மைக்கேல் பீட்டர்ஸ் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் மறுபடி சோதித்தார்கள். ஆண், பெண் இருவரின் விரல் தடிமனையும் கணக்கில் எடுத்துக்கொண்டபோது, இருபாலருக்கும் இடையில் தெரிந்த பெரிய வேறுபாடு மறைந்துவிட்டது. சிறிய ஊசியைப் பிடிக்கச் சிறிய விரல் வசதி, விஷயம் அவ்வளவுதான். மெல்லிய விரல் உள்ள ஆணும் அதே வேகத்தில் செய்வார். பெண்மைக்கென்று தனியாக ஒரு லாவகம் உண்டு என்று அந்தச் சோதனை சொல்லவில்லை.

ஆனால் தொழில்துறை இந்த விளக்கத்துக்காகக் காத்திருக்கவில்லை. 1965இல் ஃபேர்சைல்ட் என்ற மின்னணு நிறுவனம் அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோ மக்களின் நிலத்தில், நியூ மெக்சிகோவின் ஷிப்ராக் என்ற ஊரில் ஆலை தொடங்கியது. வேலைக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நவஹோ பெண்கள். நவஹோ பெண்கள் கம்பளம் நெய்வதில் பேர் பெற்றவர்கள். 1969இல் அந்நிறுவனம் வெளியிட்ட சிற்றேடு, கம்பளத்தின் கோலத்தையும் சில்லின் கோலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டியது. நெசவு அவர்கள் ரத்தத்தில் ஊறியது, அதனால் சில்லும் அவர்களுக்குக் கைவரும் என்பது அதன் வாதம். பாட்டியிடமிருந்து பேத்தி வருடக்கணக்கில் கற்ற நெசவு, சிற்றேட்டில் இனத்தின் குணமாகிவிட்டது. 1975இல் ஆட்குறைப்பை எதிர்த்துப் போராளிகள் ஆலையைக் கைப்பற்றியபோது, நிறுவனம் ஆலையை மூடிவிட்டுப் போனது.

1970களில் மலேசிய அரசு அந்நிய முதலீட்டாளர்களை அழைக்க வெளியிட்ட ஓர் ஆங்கிலச் சிற்றேட்டில் ‘டெக்ஸ்டெரிட்டி’ என்ற சொல் நேராகவே வருகிறது. கீழைநாட்டுப் பெண்ணின் கைத்திறன் உலகப் பிரசித்தம், அவளுடைய சிறிய கைகள் கவனமும் வேகமும் கொண்டவை என்ற பொருளில் அது எழுதப்பட்டிருந்தது. ஓர் அரசாங்கம் தன் பெண் குடிமக்களின் விரல்களைத் தகரத்தையும் ரப்பரையும் போல நாட்டின் இயற்கை வளமாக விளம்பரம் செய்தது. அந்தக் காலத்தில் பினாங்கின் மின்னணு ஆலைகளுக்குள் போனவர்கள் கிராமத்து மலாய்ப் பெண்கள். அவர்களோடு சீன, தமிழ்ப் பெண்களும் இருந்தார்கள்.

1981இல் டயான் எல்சன், ரூத் பியர்சன் என்ற இரு பெண்ணிய ஆய்வாளர்கள் இந்தச் சுறுசுறுப்பான விரல்களைப் பற்றி எழுதிய கட்டுரை, சூழ்ச்சியின் முடிச்சை அவிழ்த்தது. அவர்கள் வாதத்தின் சாரம் இது. பெண்ணின் விரல்கள் பிறவியிலேயே பயிற்சியோடு வருவதில்லை. தாயிடமும் பிற பெண்களிடமும் தையல், சமையல், நெசவு என்று சிறுவயது முதல் வாங்கிய பயிற்சி அது. ஆனால் பயிற்சி வீட்டுக்குள் நடந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. கண்ணில் படாத பயிற்சி இயற்கையாகிவிடுகிறது. இயற்கைக்கு விலை கிடையாது. அதனால்தான் அந்த வேலைகள் ‘திறன் தேவையில்லாத’ வேலைகள் என்று வகைப்படுத்தப்படுகின்றன. அதே நுண்மையோடு விரலை அசைக்கும் ஓர் அறுவை சிகிச்சை மருத்துவரையோ வைரத்துக்குப் பட்டை தீட்டுபவரையோ யாரும் இயற்கையின் கொடை என்று சொல்லிக் கூலியைக் குறைப்பதில்லை.

தையல் மெஷினும் சட்டப் புத்தகமும்

இதை எதிர்த்துப் பெண்கள் நடத்திய போராட்டங்களில் ஒன்று இங்கிலாந்தின் டாகன்ஹாமில் நடந்தது. ஃபோர்டு கார் ஆலையில் இருக்கை உறை தைத்த 187 பெண்கள் 1968 ஜூனில் வேலையை நிறுத்தினார்கள். வேலையில் சேரவே தையல் தேர்வு எழுத வேண்டியிருந்த அவர்களைக் குறைந்த திறன் கொண்ட ‘பி’ பிரிவில் வைத்திருந்தார்கள். எங்களை ‘சி’ பிரிவில் சேர்க்க வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை. உறை இல்லாமல் கார்கள் நின்றன. மூன்று வாரத்துக்குப் பிறகு ‘பி’ பிரிவு ஆண்களின் கூலியில் 92 சதவீதம் தர ஒப்புக்கொள்ளப்பட்டது. 1970இல் சம ஊதியச் சட்டம் வந்தது. வரலாறு இதைச் சம ஊதிய வெற்றி என்று கொண்டாடுகிறது. ஆனால் அந்தப் பெண்கள் கேட்டது தங்கள் வேலை திறன் உள்ள வேலை என்ற ஒப்புதலை. அது கிடைக்க 1984இல் இன்னொரு வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. பணம் தருவதைவிடத் திறமை என்ற பெயரைத் தருவது முதலாளிகளுக்கு எவ்வளவு கசந்தது என்பதற்கு இந்த 16 வருடமே சாட்சி.

நம் நாட்டில் 1948இன் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் கீழ் வரும் அறிவிக்கைகள் தொழிலாளரைத் திறன் பெற்றவர், ஓரளவு திறன் பெற்றவர், திறன் பெறாதவர் என்று பிரித்தன. 1976இன் சம ஊதியச் சட்டம் ஒரே மாதிரியான வேலைக்கு ஒரே ஊதியம் என்றது. எது ஒரே மாதிரியான வேலை என்பதை விளக்கும்போது, தேவைப்படும் திறன், முயற்சி, பொறுப்பு ஆகியவை ஒன்றாக இருக்க வேண்டும் என்றது. சட்டத்தின் கதவுக்குத் தாழ்ப்பாளாக நிற்பது மறுபடியும் திறன் என்ற சொல்தான். பெண்ணின் வேலைக்குத் திறன் வேண்டாம் என்று காகிதத்தில் எழுதிவிட்டால், சம ஊதியம் கேட்கும் தகுதியே போய்விடும்.

அந்தத் தாழ்ப்பாளை ஒரு பெண் அசைத்துப் பார்த்தார். மெக்கின்னன் மெக்கன்சி என்ற கப்பல் நிறுவனத்தில் சுருக்கெழுத்தராக வேலை செய்த ஆட்ரி டிகோஸ்டா, ஆண் சுருக்கெழுத்தர்களைவிடத் தனக்குக் குறைந்த சம்பளம் என்று வழக்குப் போட்டார். பெண் சுருக்கெழுத்தர்கள் தனி வகை, அந்த வகையில் ஆண்களே இல்லை, எனவே ஒப்பிடக் கூடாது என்பது நிறுவனத்தின் வாதம். 1987இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. வேலையின் தன்மையைப் பார்க்க வேண்டும், வகைக்கு வைத்த பெயரைப் பார்க்கக் கூடாது என்ற நிலைப்பாட்டில் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. சுருக்கெழுத்தும் விரலின் வேகத்தில் வாழும் தொழில்தான்.

ஓசூரின் இரண்டு கைகள்

ஓசூரில் சிப்காட் தொழில் வளாகம் 1970களில் வந்தது. அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் வண்டி தயாரித்த காலத்தில், ஆலைத் தொழிலாளி என்றால் பெரும்பாலும் ஐடிஐ படித்த ஆண். ஃபிட்டர், டர்னர் என்று அவர் தொழிலுக்குப் பெயர் உண்டு, சான்றிதழ் உண்டு, அதைக் காட்டிக் கூலி பேச முடியும். 1980களின் பிற்பகுதியில் டைட்டன் கைக்கடிகார ஆலை வந்தபோது நுண்ணிய இணைப்பு வேலைக்கு இளம்பெண்களும் வந்தார்கள். இன்று ஓசூர் வட்டாரத்தில் ஐபோன் பாகங்கள் செய்யும் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். 2022இல் ஜார்க்கண்டின் பழங்குடிப் பெண்கள் நூற்றுக்கணக்கில் ரயிலேறி ஓசூருக்கு வேலைக்கு வந்தார்கள். வேப்பனப்பள்ளிப் பெண்ணும் அவர்களும் இன்று ஒரே வட்டாரத்துத் தொழிலாளிகள். ஷிப்ராக், பினாங்கு, ஓசூர் என்று இடம் மாறுகிறது. ஊரை விட்டு முதல்முறையாகச் சம்பள வேலைக்கு வரும் பெண்ணின் விரலைத் தேடும் பழக்கம் மாறவில்லை.

இந்த வேலை பெண்களுக்குத் தந்திருப்பதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. சொந்த வங்கிக் கணக்கு, பதினெட்டு வயதில் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல், தோழிகள், சம்பள நாளில் அம்மாவுக்கு வாங்கும் புடவை எல்லாம் உண்மையான வெற்றிகள். அதனாலேயே கூலியின் கணக்கைக் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டின் நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் நடந்தது நமக்கு நினைவிருக்கும். இளம்பெண்களை மூன்று வருடம் விடுதியில் தங்கவைத்து, முடிவில் மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி வேலை வாங்கினார்கள். அந்த மூன்று வருடமும் அவர்கள் ‘பயிற்சியாளர்கள்’. அதன் முரண்பாட்டைக் கவனியுங்கள். குறைவாகக் கூலி கொடுக்க வேண்டுமென்றால், இந்த வேலையைக் கற்கவே மூன்று வருடம் ஆகும் என்கிறார்கள். கூலியை உயர்த்தக் கேட்டால், இது யார் வேண்டுமானாலும் செய்யும் திறன் தேவையில்லாத வேலை என்கிறார்கள். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. ஆனால் இரண்டாலும் லாபம் ஒரே பக்கம் போகிறது.

2015இல் மத்திய அரசு திறன் இந்தியா இயக்கத்தைத் தொடங்கியது. 2022இல் தமிழக அரசு ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கியது. திறன் என்ற சொல் இன்று எல்லாச் சுவரொட்டியிலும் இருக்கிறது. வேலையில் கற்றதைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ‘முன்கற்றலுக்கான அங்கீகாரம்’ என்ற ஏற்பாடும் அரசுத் திட்டங்களில் இருக்கிறது. புளி தட்டும் பெண்ணும் புழு பொறுக்கும் பெண்ணும் இருபது வருடச் சித்தாளும் அந்தச் சோதனை மேசைக்கு முன்னால் உட்காரட்டும். அவர்கள் கைக்கு ஒரு காகிதம் கிடைக்கட்டும். காகிதம் கிடைத்த பிறகு கூலி ஏறுகிறதா என்று பார்ப்பது சங்கத்தின் வேலை, நம் எல்லோருடைய வேலையும்.

உங்கள் கை லாவகமானது என்று அடுத்த முறை ஒரு மேலாளர் சொன்னால், அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு மூன்று கேள்விகள் கேளுங்கள். என் வேலை எந்தத் திறன் பிரிவில் எழுதப்பட்டிருக்கிறது? பக்கத்துப் பிரிவில் ஆண்கள் செய்யும் வேலைக்கு என்ன பிரிவு, என்ன கூலி? நான் எத்தனை மாதம் பயிற்சியாளர், அது எந்தத் தேதியில் முடிகிறது? பதிலை எழுத்தில் கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் பத்துப் பேர் சேர்ந்து கேளுங்கள்.